அகல டயரும் அகல வாயும்

ஃபோர் பை ஃபோர் வண்டிக்கு எந்த டயர் வாங்குவது என்று சென்ற இதழில் ஒருவர் நான்கு பக்கத்துக்கு உபதேசித்திருந்தார். சாரம் இவ்வளவுதான்: கடையில் இருப்பதிலேயே அகலமான, பட்டன் பெரிதான மட் டயரை வாங்கு, தார், மணல், சேறு, பாறை எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும், கம்பெனி மாட்டித் தருவது காசு மிச்சம் பிடிக்கப் போட்ட பொம்மை டயர். இதைப் படித்துவிட்டு என் தங்கை மகன், வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத ஜிம்னியின் ஐந்து டயரையும், ஸ்டெப்னி உட்பட, கழற்றி விற்கக் கிளம்பிவிட்டான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பேன்.

அகலம் கூடினால் பிடிப்பு கூடும் என்பது அவருடைய முதல் வேதவாக்கு. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லீஸ் ஜீப்பின் டயர் அளவு 6.00-16. ஆறு அங்குலம், அதாவது சுமார் 152 மில்லிமீட்டர் அகலம். கட்டுரையாளர் ‘சைக்கிள் டயர்’ என்று கேலி செய்கிற ஜிம்னியின் 195-ஐ விடவும் ஒல்லி. அதை வைத்துக்கொண்டுதான் வட ஆப்பிரிக்க மணலிலும் பர்மாச் சேற்றிலும் அந்த ஜீப் போய் வந்தது. ஒல்லி டயர் சேற்றை அறுத்துக்கொண்டு இறங்கி, அடியில் இருக்கும் கெட்டித் தரையைத் தொடும். அகல டயர் மேலேயே மிதக்கப் பார்க்கும். ஒரு சாண் சேற்றுக்குக் கீழே சரளை இருந்தால் முன்னது ஜெயிக்கும். தோண்டத் தோண்டச் சேறுதான் என்றால் பின்னது. எந்தச் சேறு என்றே கேட்காமல் டயர் சொல்கிறவரை, நாடி பிடிக்காமல் மருந்து இடிக்கிற வைத்தியர் வரிசையில்தான் வைக்க வேண்டும்.

ஈரத் தார் ரோட்டிலும் மட் டயர்தான் ராஜா என்று எழுதியிருக்கிறாரே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. நானும் ஒரு காலத்தில் அந்த மதத்தில் இருந்தவன். மஹிந்திரா தார் வாங்கிய புதிதில் கம்பெனி டயரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, முதலை முதுகு மாதிரி ஒரு செட் மாட்டினேன். (பாலைவனத்தின் பெயர் வைத்த வண்டி, ஆனால் ஓடுவதென்னவோ தார் ரோட்டில்தான்.) ஆடி மாதச் சாரலில் வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்கு மேல் இறங்கியிருப்பேன், ஒரு வளைவில் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பினேன். வண்டி திரும்பவில்லை. முப்பதுக்கு மேல் வேகம் இல்லை. ஆனாலும் நேராக வழுக்கிக்கொண்டு போய்க் கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பக்கத்தில் இருந்த மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பொள்ளாச்சி வரும் வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் வழுக்கியது? மட் டயரின் பட்டன்களுக்கு இடையே பெரிய பெரிய பள்ளங்கள். சேற்றை வாரி எறிய அவை வேண்டும். தண்ணீரையும் அவை விரட்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஈரத் தாரைப் பிடிப்பது பள்ளம் அல்ல, ரப்பர். பள்ளம் எவ்வளவு கூடுகிறதோ, தரையைத் தொடும் ரப்பர் அவ்வளவு குறையும். சாதாரண ரோட்டு டயரில் பட்டன் முழுக்கப் பிளேடால் கீறியது போன்ற மெல்லிய கீறல்கள் இருக்குமே, ஈரத்தில் அவற்றின் விளிம்புகள்தான் ரோட்டைக் கவ்வுகின்றன. மட் டயரில் அவை சொற்பம். கல் குத்திக் கிழியாமலிருக்க ரப்பரையும் பெரும்பாலும் முரடாகவே செய்கிறார்கள். ஃபோர் பை ஃபோர் கியர் காப்பாற்றும் என்று அவர் தைரியம் சொல்வது இன்னும் மோசம். அந்தக் கியர் வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. நாலு சக்கரத்திலும் பிரேக் மாருதி 800-க்கும் இருந்தது.

பொம்மை டயர் என்கிறாரே, 2020-இல் வந்த தாரின் 18 அங்குல ரிம்முக்குக் கம்பெனி மாட்டிக் கொடுத்ததே 255/65 அளவில் ஆல் டெரெய்ன் டயர்தான். தாரும் மண்ணும் கலந்து ஓடுகிறவனுக்கென்று செய்தது. பக்கச்சுவரில் எழுதியிருப்பதைக் குனிந்து படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

அடுத்தது அவருடைய கணக்கு. ஜிம்னிக்கு 235/75 R15 போட்டால் வண்டி ‘கணிசமாக’ உயரும் என்கிறார். காகிதம் எடுத்துப் போட்டுப் பார்ப்போமே. கம்பெனி அளவு 195/80 R15. விட்டம் 693 மில்லிமீட்டர். அவர் சொல்வதன் விட்டம் 733.5. வித்தியாசம் 40.5. அதில் பாதிதான் அச்சுக்குக் கீழே வரும்: 20 மில்லிமீட்டர், சுண்டுவிரல் மொத்தத்தை விடக் கொஞ்சம் அதிகம். இதற்குக் கொடுக்கிற விலை என்ன? ஒவ்வொரு கியரும் ஏறக்குறைய 6 சதவீதம் நீண்டுவிடும். பாறை மேல் ஆமை போல் ஊர்வதற்குத்தானே லோ ரேஞ்ச்? அந்த ஊர்தலில் இருந்துதான் 6 சதவீதத்தை எடுத்துக் கொடுக்கிறோம். 1.5 லிட்டர் இன்ஜின், கனத்துப்போன சக்கரத்தையும் சேர்த்து உருட்ட வேண்டும். ஸ்பீடோமீட்டரும் பழைய கணக்கிலேயே சொல்லும். அதில் 80 ஏறுகிற நேரத்தில் சக்கரம் 85-ஐ நெருங்கி உருண்டுகொண்டிருக்கும்.

இதெல்லாம்கூட ரசனைக் கோளாறு என்று விட்டுவிடலாம். காசு போதாதவர்கள் பின்னால் இரண்டு மட்டும் மட் டயர் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாரே, அதை எந்த ஆசிரியர் குழு கண்ணை மூடிக்கொண்டு அனுமதித்தது? தார், ஜிம்னி இரண்டிலும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரென்ஷியல் கிடையாது. ஃபோர் பை ஃபோரில் போட்டுவிட்டால் இரண்டு அச்சும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். பின் டயர் ஒரு விரற்கடை பெரிதாக இருந்தாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டும் ஒன்றையொன்று முறுக்கும். இளகிய மண்ணில் சக்கரம் சறுக்கி அந்த முறுக்கைத் தீர்த்துக்கொள்ளும். கெட்டித் தரையில் தீராது. டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் வாங்கிக் கட்டிக்கொள்ளும். இரண்டு டயர் காசை மிச்சப்படுத்தப் போய் கியர்பெட்டிக்காரனுக்கு மொய் எழுதுகிற யோசனை.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கோவில்பட்டிப் பக்கம் மழை பெய்த கரிசலில் மட் டயருக்கு நிகர் இல்லை. ரோட்டு டயரில் கரிசல் அப்பி ஐந்து நிமிடத்தில் மொட்டை டயர் ஆகிவிடும். மட் டயர் சுற்றச் சுற்ற அதை உதறித் தள்ளும். தினமும் அப்படிப்பட்ட காட்டுக்குப் போய் வருகிறவர் தாராளமாக வாங்கட்டும். அவர் இந்தக் கட்டுரையைப் படித்தா முடிவு செய்யப்போகிறார்?

கடைசியாகக் காற்று. நல்ல டயர் இருந்தால் மணலில் காற்றைக் குறைக்க வேண்டியதில்லை, அதெல்லாம் அந்தக் காலத்துப் பழக்கம் என்று முடிக்கிறார். மணலில் டயரின் பெயர் இரண்டாம் பட்சம். அதில் எவ்வளவு காற்று என்பதுதான் முதல் கேள்வி. 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் விறைத்து நிற்கும் டயரை 16, 18-க்கு இறக்கினால் தரையில் படியும் தடம் நீளும். வண்டியின் பாரம் பரவி, மணலுக்கு மேலே நிற்கும். இறக்காமல் முறுக்கினால் அந்தப் பெரிய பட்டன்களே மண்வெட்டி ஆகிவிடும். நாலு சுற்றில் அச்சு வரை குழி. திரும்பத் தார் ரோடு ஏறுவதற்கு முன் காற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும். மறந்தால் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும்.

நம்பாவிட்டால் அவர் திருச்செந்தூர்ப் பக்கம் வரட்டும். தேரிக் காப்புக்காட்டுக்குள் போக வேண்டாம். வெளியே பனைத் தோட்டத்துச் செம்மணல் பாதையே போதும். அவர் தன் அகல டயரில் விறைப்பாக 35 வைத்துக்கொள்ளலாம். என் தங்கை மகன் கம்பெனி டயரில் 16 வைத்துக்கொண்டு முன்னால் போவான். காற்றடிக்கும் கம்ப்ரஸர் நான் கொண்டு வருகிறேன். மண்வெட்டியும் இழுப்புக் கயிறும் மட்டும் அவர் பொறுப்பு.