விலங்கியற் கல்வி இரண்டாந்தரக் கல்வியா?

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிகள் அறிவிக்கப்படும் நாளிலே எம்மவர் இல்லங்களிற் காணப்படும் காட்சியொன்றுண்டு. உயிரியற் பிரிவிற் கற்ற பிள்ளை மருத்துவ பீடத்துக்குத் தெரிவானால், அயலவர்க்கெல்லாம் இனிப்பு வழங்கப்படும். குலதெய்வத்துக்குப் பொங்கலும் நடைபெறும். சில புள்ளிகள் குறைந்து மிருக வைத்தியத்துக்கோ, விலங்கியல் கற்பதற்கு விஞ்ஞான பீடத்துக்கோ தெரிவானாயின், அவ்வீட்டிலே செத்தவீட்டு மௌனம் குடிகொள்ளும். "தம்பி, இன்னொருமுறை சோதினை எடுத்துப் பார்" என்பதே பெரியோர் கூறும் ஆறுதல்.

இம்மனப்பான்மை தவறானது என்பதும், அதனால் நட்டமடைவது அப்பிள்ளை மாத்திரமன்று, எம் சமுதாயமுமே என்பதும் என் கருத்து. கல்லூரி அன்னையின் விழாவைக் கொண்டாடும் இவ்வேளையிலே, பழைய மாணவரும் ஆசிரியரும் இன்று கற்கும் தம்பிமாரும் இதனைச் சற்றே சிந்தித்தல் நன்று.

முதலில் ஒரு பேதத்தை அறிந்துகொள்ளல் வேண்டும். விலங்குகளைப் பற்றிய உயர்கல்வி ஒன்றன்று, மூன்று. விலங்கியல் என்பது பிராணிகளின் உடலமைப்பு, கூர்ப்பு, நடத்தை, வாழிடம் ஆகியவற்றை ஆராயும் தூய விஞ்ஞானம். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் முதலிய பல்கலைக்கழகங்களின் விஞ்ஞான பீடங்களில் இது கற்பிக்கப்படுகின்றது. விலங்கு வேளாண்மை என்பது கறவை மாடு, ஆடு, கோழி என்பவற்றைப் பேணிப் பயன்கொள்ளும் கலை. கிளிநொச்சியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் போன்றவற்றில் இதனைக் கற்கலாம். மூன்றாவதாகிய மிருக வைத்தியம் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1947இல் தொடங்கப்பட்டது. இன்று பேராதனையில் மாத்திரமே பட்டத்துக்குரிய கல்வியாக உள்ளது. விலங்குகளிடத்து விருப்பமுள்ள மாணவன் இம்மூன்றனுள் எது தன் இயல்புக்குப் பொருந்தும் என்பதை ஆராயாது, புள்ளி தள்ளிய இடத்திற் போய்ச் சேர்வதே பெரும்பாலும் நிகழ்கின்றது.

மிருக வைத்தியம் மனித வைத்தியத்துக்குத் தாழ்ந்தது என்போர் அதன் பரப்பை அறியாதவராவர். மனித வைத்தியன் ஒரேயொரு இனத்தின் உடலைக் கற்கின்றான். மிருக வைத்தியனோ நான்கறை இரைப்பையுடைய பசுவையும், ஒற்றை இரைப்பையுடைய குதிரையையும், பல்லின்றி அரைப்பையால் உணவை அரைக்கும் கோழியையும் ஒருங்கே அறிதல் வேண்டும். ஓரினத்துக்கு மருந்தாவது மற்றோரினத்துக்கு நஞ்சாகும். நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பரசிற்றமோல் பூனையைக் கொல்லவல்லது. அன்றியும், "எங்கே நோகிறது?" என்று கேட்டால் மறுமொழி கூறும் நோயாளி அவனுக்கு வாய்ப்பதில்லை.

தூய விலங்கியலால் யாது பயன் என்று வினவுவோர்க்கு அயல்நாட்டு நிகழ்ச்சியொன்றை எடுத்துக்காட்டலாம். 1990களிலே இந்தியாவிற் பிணந்தின்னிக் கழுகுகள் விரைவாக அருகலாயின. வெண்முதுகுக் கழுகு நூற்றுக்கு 95க்கு மேல் அழிந்தது. பறவைகளை ஆண்டுதோறும் எண்ணிவந்த விலங்கியலாளரே இவ்வழிவை முதலில் உணர்ந்தனர். இறந்த கழுகுகளின் சிறுநீரகங்களை ஆராய்ந்த மிருக வைத்திய அறிஞர், நோவு தீர்க்க மாடுகளுக்குக் கொடுக்கப்பட்ட டைகுளோபெனக் என்னும் மருந்தே காரணம் என 2004இல் வெளிப்படுத்தினர். அம்மருந்தேறிய மாட்டின் இறைச்சியை உண்ட கழுகுகள் மாண்டன. 2006இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அதனை வழங்குவதைத் தடைசெய்தது. பறவையை எண்ணியவனும் பிரேதத்தை அறுத்தவனும் கைகோத்திராவிடின் இவ்வுண்மை வெளிப்பட்டிராது.

அயல்நாடு செல்வானேன்? 2020இல் மாடுகளின் தோலிற் கழலைகளைத் தோற்றுவிக்கும் வைரசு நோய் இலங்கைக்குள் முதன்முறையாகப் புகுந்தது எம் வடபகுதியிலேதான். 2022 மார்கழியில் வீசிய கடுங்குளிர்க் காற்றினால் வடக்கிலும் கிழக்கிலும் 1,000க்கும் மேற்பட்ட கால்நடைகள் ஒருசில நாட்களில் மடிந்தன. குளிரே கொன்றது என்று நாம் அமைதியடைந்தோம். ஆனால், வயிறார உண்டு, நனையாத கொட்டிலில் நிற்கும் மாடு அத்தகைய குளிரைத் தாங்கவல்லது. அதன் இரைப்பையில் நிகழும் நொதித்தலே அதற்கு அடுப்பாகின்றது. மயிர் நனைந்து, மெலிந்து, திறந்த வெளியில் நின்ற மாட்டுக்கு அவ்வடுப்பிலிட விறகில்லை. இதனை முன்னரே உணர்த்தி, மாரிக்குமுன் தீனிக்கும் கொட்டிலுக்கும் வழிசெய்யக்கூடிய கற்றோர் ஊர்தோறும் இருந்திருப்பின் எத்தனை ஏழைக் குடும்பங்கள் தம் முதலைக் காத்திருக்கும்! 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்திற் சில உயிர்களைக் குடித்த எலிக்காய்ச்சலும் விலங்குகளின் சிறுநீர்வழி மனிதரை அடையும் நோயே. விசர்நாய்க்கடியைத் தடுக்கும் போர் ஆசுபத்திரியிலன்று, நாய்க்கு ஊசி போடுமிடத்திலேயே தொடங்குகின்றது. ஆகவே மிருகத்தைக் காப்பவன் மனிதனையும் காக்கின்றான்.

சைவ மாணாக்கராகிய எமக்கு இதில் தனிக் கடப்பாடும் உண்டு. தைத்திங்களிற் பட்டிப் பொங்கலன்று பசுவைக் குளிப்பாட்டி, மாலை சூட்டி வணங்குகின்றோம். மறுநாளோ, பால் வற்றிய பசுவும் பயன்படாத நாம்பன் கன்றும் கட்டாக்காலிகளாகத் தெருவில் அலைகின்றன. வழிபாடு உண்டு; பராமரிப்பு இல்லை. பெரியபுராணத்து விசாரசருமரை நினைவுகூர்க. வேதமோதிய அந்தணச் சிறுவர், ஆயன் பசுவை அடித்தல் கண்டு பொறாது, "இனி நானே மேய்ப்பேன்" என்று அப்பணியை ஏற்றனர். கற்றவன் மாடு மேய்ப்பதா என்று அவர் நாணவில்லை. அவரே சண்டேசுர நாயனாராகி, இன்றும் ஒவ்வொரு சிவாலயத்திலும் எம் வழிபாட்டை ஏற்கின்றார். அவர் சந்நிதியிற் கைதட்டி வணங்கும் நாம், அவர் விரும்பியேற்ற தொழிலை எம் பிள்ளைகளுக்கு இழிவெனக் கருதுதல் முறையா?

இக்கல்வியிலுள்ள இடர்ப்பாட்டையும் மறைத்தலாகாது. பிராணிகளிடத்து அன்பு மாத்திரம் இதற்குப் போதாது. கரப்பானையும் தேரையையும் அறுத்துப் பார்க்க நேரும். தீராத நோயால் வருந்தும் விலங்கைத் துன்பமின்றி இறக்கச் செய்யும் தீர்மானமும் வைத்தியனையே சாரும். கொல்களத்தையும் இறைச்சியையும் பரிசோதித்தல் அவன் கடமைகளுள் ஒன்று. புலால் மறுத்த குடும்பத்துப் பிள்ளை இங்கே மனங்கலங்குதல் இயல்பே. அக்கலக்கத்தை நான் இகழேன். ஆயினும், நாம் விலகி நிற்பதனாற் கொல்களங்கள் மூடப்படுவதில்லை. அங்குள்ள உயிர்களின் துயரைக் குறைக்க விரும்பும் ஒருவன் குறைகின்றான், அவ்வளவே. இதனை எண்ணியபின்பும் மனம் ஒவ்வாதவன் விலங்கியலைத் தெரிந்து, நெடுந்தீவுக் குதிரைகளையும், மன்னார்க் கடலின் ஆவுளியாவையும், வங்காலைக்கு வந்துபோகும் வலசைப் பறவைகளையும் ஆராயலாம். எம் கண்முன்னுள்ள இச்செல்வங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிவைக்க ஆட்கள் வேண்டும்.

வருவாய் குறைவு என்பது மற்றோர் ஆட்சேபம். மருத்துவருக்குள்ள வருமானமும் மதிப்பும் இத்துறையினர் யாவர்க்கும் கிட்டுமென்று கூறுதல் பொய்யாகும். விலங்கியற் பட்டம் பெற்றுத் தகுந்த தொழிலுக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருப்போரும் உளர். எனினும், நாட்டின் பாற்றேவையிற் பாதியைத்தானும் நாம் உற்பத்தி செய்வதில்லை. 2021, 2022ஆம் ஆண்டுகளிற் பால்மாப் பெட்டிக்காக வரிசையில் நின்றதை அதற்குள் மறந்துவிட்டோமா? தேவையுள்ள துறையிலே முயற்சியுள்ளவனுக்கு இடமில்லாமற் போகாது.

கல்லூரிச் சமூகம் செய்யத்தக்கன சில உள. தொழில் வழிகாட்டலுக்கு டொக்டர்மாரையும் எஞ்சினியர்மாரையும் அழைக்கும் ஆசிரியர்கள், மிருக வைத்தியரையும் விலங்கியலாளரையும் அவ்வாறே அழைத்தல் வேண்டும். உயிரியல் மாணவர் வினாத்தாள்களை விடுத்து, ஆண்டில் ஒருநாளாவது பாற்பண்ணையையும் களப்பையும் நேரிற் பார்த்தல் வேண்டும். பழைய மாணவர் சங்கங்கள் இத்துறைகளைக் கற்கச் செல்லும் வறிய மாணவனுக்கு ஓர் உதவிப்பணம் ஏற்படுத்தலாம். பெற்றோர்க்கு யான் விடுக்கும் விண்ணப்பம் இதனினும் சிறிது: உங்கள் மகன் மிருக வைத்தியத்துக்கோ விலங்கியலுக்கோ தெரிவாகும் நாளிலும் அயலவர்க்கு இனிப்பு வழங்குங்கள்.

உலகின் முதலாவது மிருக வைத்தியக் கல்லூரி 1761இல் பிரான்சு நாட்டு லியோன் நகரில் நிறுவப்பட்டது. அந்நாளில் ஐரோப்பாவின் மாடுகளை வாரிக்கொண்டிருந்த கொள்ளைநோய், சரியாக 250 ஆண்டுகளின் பின், 2011இல் உலகினின்றும் ஒழிந்ததாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. மனிதன் முற்றாக ஒழித்த நோய்கள் இரண்டே: ஒன்று பெரியம்மை, மற்றையது இது. இவ்வெற்றியை ஈட்டியோரை இரண்டாந்தரத்தார் என்று கூற எவர்க்குத் துணிவு வரும்? எம் கல்லூரியின் அடுத்த விழா மலரிலே, இத்துறையிற் புகழ்பெற்ற பழைய மாணவர் பலரின் பெயர்கள் இடம்பெறுமாக.