காட்சியும் காலதாமதமும்

தொலைவிலுள்ளாரைக் காண்பது வேறு; அவரோடு உரையாடுவது வேறு. காண்பதற்குக் கண் போதும். உரையாடுவதற்கோ, வினாவிற்கு விடை உரிய காலத்தில் வந்து சேர்தல் வேண்டும். உலாவியின் வழியே வரும் நேரலைக் காணொளியைப்பற்றி ஆராயுங்கால் இவ்வேற்றுமையை மறத்தலாகாது.

நேரலை என நாம் வழங்குவது பெரும்பாலும் அந்தக் கணமே வருவதன்று. 2009ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தார் வெளியிட்ட எச்.எல்.எஸ். முறையில், காணொளி சிறு துண்டுகளாக்கப்பட்டு அனுப்பப்படுகின்றது. தொடக்கத்தில் ஒரு துண்டின் நீளம் 10 விநாடி. தடையின்றி ஓடும்பொருட்டு மூன்று துண்டுகள் பின்தங்கியே காட்சி தொடங்குமாதலால், அரை நிமிடம் கழிந்துவிடும். பின்னர்த் துண்டுகளைச் சிறிதாக்கித் தாமதத்தைக் குறைத்தனர். இம்முறையைப் பழித்தலும் தகாது. ஒரே துண்டினைப் படியெடுத்துப் பல்லாயிரவர்க்கு எளிதில் வழங்கலாம். 2023 நவம்பர் 19இல் நடந்த உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதியாட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே வேளையில் 5.9 கோடிப் பேர் கண்டனர். அத்தகைய கூட்டத்திற்குத் துண்டுமுறையே ஏற்றது. அடுத்த வீட்டார் முந்தி ஆரவாரித்தால் சுவை சிறிது குன்றுமேயன்றிக் கேடொன்றுமில்லை.

நிற்க. மற்றொரு முறை வெப்ஆர்டிசி என்பது. 2011இல் கூகிள் நிறுவனத்தார் யாவரும் பயன்படுத்துமாறு வெளியிட்ட இது, 2021இல் உலகப் பொதுத் தரமாயிற்று. காலங்கடந்து வரும் பகுதியை இது கைவிட்டு அடுத்ததைக் காட்டும். படம் சற்றே குலையினும் பேச்சு நிற்பதில்லை. ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் அடங்கினால் உரையாடல் இயல்பாக நிகழும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. ஆயினும், பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தொடர்பைப் பேணவேண்டுமாதலின் செலவு மிகுதி.

இச்செலவு எங்குத் தகும்? தேனி அரவிந்த் கண் மருத்துவமனையார் இதற்கு விடை காட்டியுள்ளனர். பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து அறிஞர்கள், குறுந்தொலைவுக்கென அமைந்த வைஃபை கருவிகளைத் திருத்திப் பல கிலோமீட்டர் எட்டச் செய்து, 2006ஆம் ஆண்டளவில் அம்மருத்துவமனையைச் சுற்றுப்புறக் கண் மையங்களோடு இணைத்தனர். பயிற்சிபெற்ற பெண்கள் மையத்தில் கண்ணைச் சோதிக்க, மருத்துவர் தேனியிலிருந்தபடியே நோயாளியோடு பேசினார். அன்று தனி ஏற்பாடு வேண்டியிருந்ததை இன்று உலாவியே செய்யவல்லது.

திண்டிவனத்திற்கும் புதுவைக்கும் இடைப்பட்ட கிளியனூரில், கண் மங்கிய முதியவர் ஒருவர் ஒரு நாட்கூலியை இழந்து பேருந்தேறாமல் மருத்துவரோடு பேசக்கூடுமாயின், அதுவன்றோ விரைவின் பயன்? அவ்வூர் மாணவன் ஒருவன் தன் ஐயத்தைக் கேட்குமுன் ஆசிரியர் அடுத்த பாடத்திற்குச் சென்றுவிட்டால், அது வகுப்பாகாது, வேடிக்கையேயாம்.

ஆதலின் மாணவ நண்பர்காள்! எத்தனை பேர் பார்த்தனர் என்று எண்ணுவதோடு அமையாது, பார்த்தவர் மறுமொழி கூற இடமிருந்ததா என்றும் வினவுங்கள். கேளிக்கை சற்றே பிந்தலாம். மருத்துவமும் கல்வியும் பிந்தலாகாது.