வேதிகையின் அயர்வு

பாபநாசத்துக்கு அருகே வெட்டாற்றங்கரையில் உள்ள திருக்கருகாவூரை இவ்விதழின் வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மகளுக்கோ மருமகளுக்கோ நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் கர்ப்பரட்சாம்பிகையை நினைத்து மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அத்தலத்தின் புராணத்தில், கேட்பவர்கள் விரைந்து கடந்துவிடும் இடம் ஒன்று உண்டு.

நித்துருவ முனிவரின் மனைவி வேதிகை கருவுற்றிருக்கிறாள். கணவர் வெளியே சென்றிருந்த ஒரு நாள், வேலைகளை முடித்துவிட்டு அயர்ந்து கிடக்கிறாள். அப்போது ஊர்த்துவபாத முனிவர் பிட்சை கேட்டு வருகிறார். அவளால் எழுந்து வர இயலவில்லை. தம்மை அலட்சியம் செய்தாள் என்று கருதி அவர் சபிக்க, கரு கலைகிறது. வேதிகை கதறி வேண்ட, அம்பிகை அக்கருவைக் கலசத்தில் ஏந்திக் காத்து, நைத்துருவன் என்னும் குழந்தையாக அவள் கையில் தருகிறாள். அம்பிகையின் கருணையைச் சொல்லும் கதை இது, ஐயமில்லை. ஆனால் தவத்தில் அத்தனை பெரியவருக்கு, எதிரே கிடப்பவள் எழ மனமில்லாமல் கிடக்கிறாளா, எழ முடியாமல் கிடக்கிறாளா என்று பார்க்கத் தெரியவில்லையே!

நம் வீடுகளில் அந்த முனிவரின் இடத்தில் பெரும்பாலும் நாம்தான் இருக்கிறோம். ஆறாம் மாதத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்ணிடம், "நாங்கள் எல்லாம் பெறவில்லையா? கடைசி நாள் வரை ஆட்டுக்கல்லில் மாவாட்டினோமே" என்று சொல்லாத வீடு குறைவு. சொல்பவர் பொய் சொல்லவில்லை. அந்நாளில் அவருக்கும் வலித்தது. கூட்டுக் குடும்பத்தில் அதைச் சொல்லிக்கொள்ள ஓர் ஆள் இல்லை, அவ்வளவே.

கருவுற்ற பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் முதுகு வலியோ இடுப்பு வலியோ வருகிறது. காரணம் எளிது. குழந்தை வெளிவர வழி விட வேண்டும் என்பதற்காக, ரிலாக்சின் முதலிய ஹார்மோன்கள் இடுப்பு மூட்டுகளைப் பிணைத்திருக்கும் தசைநார்களைத் தளர்த்துகின்றன. கட்டுத் தளர்ந்த மூட்டின் மேல் பாரம் ஏறுகிறது. வயிறு முன்னால் வளர வளர உடலின் எடையும் முன்னால் சாய்கிறது. விழாமல் நிற்க அவள் முதுகைப் பின்னுக்கு வளைக்கிறாள். முன்புறம் தாங்க வேண்டிய வயிற்றுத் தசைகளோ இழுபட்டு வலுவிழந்திருக்கும். ஆகவே முழுச் சுமையும் கீழ் முதுகின் மேல் விழுகிறது.

2007-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று என் நினைவை விட்டு அகலவில்லை. கீழ் முதுகு வளையும் இடத்தில், ஆப்பு வடிவில் அமைந்த முள்ளெலும்புகள் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு மூன்று என்று அது காட்டியது. கருவைச் சுமக்கும் காலத்தில் முதுகைப் பின்னுக்கு வளைக்க அவளுக்கு உதவுவது அந்த மூன்றாவது எலும்பு. இவ்வளவு முன்யோசனையுடன் படைக்கப்பட்ட முதுகே வலிக்கிறது என்றால், சுமை எத்தகையது என்று எண்ணிப் பார்க்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியவற்றில் முதலில் படுக்கையைச் சொல்ல வேண்டும். பின் மாதங்களில் மல்லாந்து படுத்தால், கருப்பை பெரிய ரத்தக் குழாயை அழுத்தும். பக்கவாட்டில், இயன்றவரை இடப்பக்கமாகப் படுத்து, முழங்கால்களை மடக்கி, இடையில் ஒரு தலையணையும் வயிற்றின் கீழ் மெல்லிய மடிப்புத் துணி ஒன்றும் வைத்துக்கொண்டால் இரவு கழியும். எழும்போது நேராக எழாமல் ஒருக்களித்து, கால்களைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இறுக்கம் தெரிந்தால் முதுகில் மட்டும், பொறுக்கும் சூட்டில், துணி சுற்றிய வெந்நீர்ப் பையை வைக்கலாம். வயிற்றின் மேல் வேண்டாம். சமதரையில் தினமும் நடப்பது நல்லது. வலி மிகுந்தால், மகப்பேறு மருத்துவரிடம் கேட்டு, பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் உரிய பயிற்சிகளைக் கற்றுக்கொள்ளலாம். வயிற்றைத் தாங்கும் பெல்ட் சிலருக்கு உதவுகிறது.

நெடுநேரம் நிற்பது போலவே, நெடுநேரம் அசையாமல் அமர்வதும் கெடுதல். நான் பணியாற்றிய ஒரு கிளையில் கேஷ் கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு ஏழாம் மாதம். கணக்கு நேராகும் வரை நாற்காலியை விட்டு எழ முடியாத வேலை. காலை உயர்த்தி வைத்தால் இடுப்பு வலி தணியும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கடைநிலை ஊழியர் பரிவோடு பழைய லெட்ஜர்க் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து காலடியில் வைக்க, "ஐயோ, சரஸ்வதி" என்று அவள் காலை இழுத்துக்கொண்டாள். அடுத்து நாணயம் வந்த மரப்பெட்டி வந்தது. அது லட்சுமியாயிற்றே! காலிப் பெட்டிதான் என்று திறந்து காட்டிய பிறகே காலை வைத்தாள். மணிக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் எழுந்து நடக்கவும் அவளுக்கு வழி செய்யப்பட்டது. வங்கி ஒன்றும் மூழ்கிவிடவில்லை.

வலி கீழ் முதுகில் இல்லாமல் பிட்டத்தின் பக்கத்திலோ முன்புற இடுப்பெலும்பிலோ இருந்தால், அது இடுப்பு மூட்டுகளின் வலி. படுக்கையில் புரளும்போதும், படி ஏறும்போதும், ஒற்றைக் காலில் நிற்கும்போதும் அது சுரீரென்று குத்தும். இவர்கள் உட்கார்ந்துகொண்டே உடை மாற்ற வேண்டும். படிகளை ஒவ்வொன்றாக, இரு கால்களையும் ஊன்றி ஏற வேண்டும். சுகப்பிரசவம் ஆகும் என்று சொல்லி இவர்களைக் குந்தி உட்கார்ந்து வீடு துடைக்கச் சொல்வது வலியைக் கூட்டும்.

இனி, நம் வழிபாடுகள். வளைகாப்பிலும் சீமந்தத்திலும் கனத்த பட்டுப் புடவையோடு மணையில் காலை மடக்கி இரண்டு மூன்று மணி நேரம் அமர்த்திவிடுகிறோம். சாய்மானமுள்ள நாற்காலி ஒன்றைப் போட்டால் மங்கலம் குறைந்துவிடாது. பல வீடுகளில் இப்போது அவ்வாறே செய்கிறார்கள். வந்திருக்கும் பெரியவர் ஒவ்வொருவர் காலிலும் அவள் குனிந்து விழ வேண்டும் என்று எதிர்பார்ப்பதை நாமே முன்வந்து தடுக்கலாம். நின்று கைகூப்பினால் ஆசி கிடைக்காதா? திருச்சி மலைக்கோட்டையில் தாயுமானவருக்கு வாழைத்தார் சாத்த நேர்ந்துகொண்டால், படியேறும் பொறுப்பை வீட்டில் திடமானவர் ஏற்கட்டும். காவிரி வெள்ளத்தில் தாய் வந்து சேர முடியாமற்போக, தாயின் வடிவில் இரத்தினாவதியின் வீட்டுக்குத் தானே போனவர் அல்லவா அப்பெருமான்! திருக்கருகாவூரில் தரும் விளக்கெண்ணெய் வயிற்றில் மெல்லத் தடவுவதற்கு உரியது. அழுத்திப் பிடித்துவிடக் கூடாது. விளக்கெண்ணெயைக் குடிக்கக் கொடுப்பது அறவே கூடாது. அது குடலைக் கலக்கி, கருப்பையையும் சுருங்கச் செய்துவிடக்கூடும்.

மிகுந்த அக்கறையால் நேரும் ஆபத்து ஒன்றும் உண்டு. நம் மூட்டு வலிக்காக மாத்திரைப் பெட்டியில் டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்றவை எப்போதும் இருக்கும். "பாதி மாத்திரை போட்டுக்கொள், கண்ணு" என்று அதை எடுத்து நீட்டிவிடக் கூடாது. இவ்வகை மாத்திரைகள், முக்கியமாக 20 வாரங்களுக்குப் பிறகு, குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். பின் மாதங்களில் குழந்தையின் இதயத்தை ஒட்டிய ரத்தக் குழாயைக் காலத்துக்கு முன்பே மூடச் செய்யலாம். பாராசிட்டமால்கூட மருத்துவரைக் கேட்டே தர வேண்டும். வலித் தைலமும் அப்படியே. அதே சமயம், மருத்துவரே குறைந்த அளவில் எழுதித் தந்த ஆஸ்பிரினை, இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடவும் கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. முதுகில் தொடங்கி முன்னே சுற்றி வந்து, விட்டு, மீண்டும் ஒழுங்கான இடைவெளியில் வரும் வலியை, "சூட்டு வலிதான்" என்று முடிவு செய்து சீரகக் கஷாயம் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. 37 வாரங்களுக்கு முன் அப்படி வந்தால் அது குறைப்பிரசவ வலியாக இருக்கக்கூடும். அந்நிலையில் போகும் ஒவ்வொரு மணி நேரமும் குழந்தைக்கு நஷ்டம். உதிரப்போக்கு, நீர் கசிவு, குழந்தையின் அசைவு குறைதல், காய்ச்சலோடு விலாவுக்குக் கீழே ஒரு பக்க வலி, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், கால் மரத்துப்போதல், சிறுநீரோ மலமோ அடக்க முடியாமை, இவற்றில் எது முதுகு வலியோடு சேர்ந்தாலும் நாள், நட்சத்திரம், ராகு காலம் பாராமல் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். வண்டி இல்லையென்றால் 108-ஐ அழைக்கலாம்.

பிரசவத்தோடு இவ்வலி நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. தளர்ந்த மூட்டுகள் இறுக மாதங்கள் ஆகும். பாலூட்டும்போது முதுகுக்கு ஒரு தலையணை, மடிக்கு ஒரு தலையணை. மூத்த குழந்தை ஓடி வந்து "அம்மா, தூக்கு" என்று கை நீட்டும்போது, தாத்தாவோ பாட்டியோ முந்திக்கொள்ள வேண்டும். நம் முதுகும் வலிக்கிறதே என்பவர்களுக்கு அடுத்த வாரம் எழுதுகிறேன்.