பதினாறு பைட் அனாமத்துக் கணக்கு

இருப்பாய்வு ஒத்துப்போகவில்லை என்றால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். பி.காம் மக்களுக்குத் தெரிந்த கதைதான். பிழையைக் கண்டுபிடிக்கும்வரை தற்காலிகமாக என்கிறது பாடம். நடைமுறையில் எத்தனை நாள் கிடக்கும் என்று ஏதாவது ஆடிட்டரைக் கேளுங்கள் :-)

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்குச் சொந்தமாக சி மொழியில் ஃபங்ஷன் எழுதுகிறவர்களும் இதைச் செய்வதுண்டு. சர்வர் விழுகிறதா? மெமரி வாங்கும் பாலாக்கில் இன்னொரு 16 பைட் கூட்டிக் கேள். விழுவது நின்றதா? ஆச்சு, வேலை முடிந்தது. இது திருத்தமே இல்லை, வெறும் அனாமத்து என்பது என் கட்சி.

ஒரு உதாரணம். வாடிக்கையாளர் பெயரை நகலெடுக்கும் ஃபங்ஷன், நீளத்துக்குச் சரியாக இடம் வாங்கிவிட்டு, கடைசியில் ஒரு பூஜ்ய பைட்டையும் சேர்த்து எழுதுகிறது என்று வையுங்கள். யூடிஎஃப்-8ல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் (கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு). 'ச. முருகன்' 26 பைட். பாலாக் சின்னத் துண்டுகளை 8, 16, 32, 64 என்றுதான் ஒதுக்கும். ஆக 32 கிடைக்கிறது, அதிகப்படி பைட் காலி இடத்தில் விழுகிறது, யாருக்கும் தெரியாது. 'ச. முருகேசன்' சரியாக 32. இப்போது அந்தப் பூஜ்யம் பக்கத்துத் துண்டின் தலைப்பில் போய் விழும். முருகேசனுக்கு அப்போது ஒன்றும் ஆகாது. பிறகு அந்தப் பக்கத்துத் துண்டை விடுவிக்கும் வேறு ஏதோ ஃபங்ஷன் மாட்டிக்கொள்ளும். தப்பான பதிவு ஏப்ரலில், திட்டு வாங்குவது மார்ச்சில்!

இங்கே 16 பைட் கூட்டினால் உண்மையிலேயே சரியாகிவிடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காரணம் வேறாக இருந்தால்? ஒரு குவெரி முடிந்ததும் போஸ்ட்கிரெஸ் அதற்கான மெமரியை மொத்தமாகத் துடைத்துவிடும். அந்த முகவரியை ஸ்டாட்டிக் மாறியில் வைத்துக்கொண்டு அடுத்த முறையும் படிக்கிற ஃபங்ஷனும் இதே மாதிரிதான் விழும். அதில் 16 பைட் கூட்டினால் துண்டு இடம் மாறி, விழுவது நிற்கக்கூடும். ஆனால் முருகேசன் பில்லில் இன்னொருவர் பெயர் வரும்.

விழுவதே தேவலை என்பேன். ஒரு பிராசஸ் சிக்னல் 11ல் செத்தால் போஸ்ட்கிரெஸ் மற்ற இணைப்புகளையும் துண்டித்துவிட்டுத்தான் மீண்டு எழும். பொது மெமரி கெட்டிருக்கலாம் என்ற சந்தேகம். நியாயமான சந்தேகம். ஃபங்ஷனுக்கு வரும் உள்ளீடு நேரே டிஸ்க் பஃபரையே காட்டலாம், அதில் கைவைத்தால் சேமித்த தரவே கெடும் என்று அதன் கையேடு தனியாக எச்சரிக்கிறது. அது பேரேட்டையே திருத்துவது.

தேட வழி உண்டு. எனேபிள்-கேசர்ட் கொடுத்து சர்வரைக் கம்பைல் செய்தால், கேட்ட அளவு முடிந்த இடத்தில் 126 என்ற காவல் பைட் இருக்கும். அது அழிந்தால் எல்லை தாண்டி எழுதியதாக எச்சரிக்கை வரும். விடுவித்த மெமரியில் 127ஆக நிரப்பிவிடும், ஆகவே பழைய முகவரி உடனே குப்பையைக் காட்டும். வேகம் குறையும், அதனால் சோதனைக்கு மட்டும். பெயர்களை 1 முதல் 100 பைட் வரை எல்லா நீளத்திலும் ஓட்டுங்கள். அப்படியும் சிக்காவிட்டால் வால்கிரைண்ட் இருக்கிறது, ஆமை வேகம், ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போகலாம்.