கூரையிலிருந்து இறங்கும் இசை... பாதிரியார்கள் நுழைய முடியாத பள்ளியில் ஒரு பைப் ஆர்கன்!

தேவாலயங்களில் பைப் ஆர்கனைப் பார்த்தவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது குழாய்கள்தான். சுவரை மறைத்துக்கொண்டு, உயரம் உயரமாக வரிசைகட்டி நிற்கும். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் இருக்கும் ஜிரார்டு காலேஜ் சேப்பலில் அந்தக் காட்சி கிடையாது. அங்கே 6,500-க்கும் மேற்பட்ட குழாய்கள் கொண்ட ஆர்கன் இருக்கிறது. ஆனால், கீழே உட்கார்ந்திருப்பவர் கண்ணில் ஒரு குழாய்கூடப் படாது.

எல்லாம் கூரைக்கு மேலே இருக்கின்றன. தரையிலிருந்து சுமார் 100 அடி உயரத்தில் ஓர் அறை. அதற்குள் குழாய்கள். கூரையில் இருக்கும் துளைகள் கொண்ட அலங்காரத் தடுப்பு வழியாக இசை கீழே இறங்கி வரும். எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் தலைக்கு மேலிருந்து கொட்டும் அந்தச் சத்தம்தான் இந்த ஆர்கனின் அடையாளம்.

பெயரில்தான் காலேஜ். உண்மையில் அது 1 முதல் 12-ம் வகுப்பு வரையிலான உறைவிடப் பள்ளி. பள்ளிக்குள் இருக்கும் பிரார்த்தனைக் கூடத்தைத்தான் சேப்பல் என்கிறார்கள்.

இந்தப் பள்ளியின் கதை ஸ்டீஃபன் ஜிரார்டு என்பவரிடமிருந்து தொடங்குகிறது. பிரான்ஸின் போர்டோ நகரில் 1750-ல் பிறந்தவர். ஒரு கண்ணில் பார்வை கிடையாது. கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு ஃபிலடெல்ஃபியாவில் கப்பல் வணிகராகி, வங்கியும் நடத்தினார். 1793-ல் மஞ்சள் காய்ச்சல் பரவி, வசதியானவர்கள் ஊரைவிட்டு ஓடியபோது, இவர் அங்கேயே தங்கி நோயாளிகளுக்கான மருத்துவமனையை நடத்த உதவினார். 1831-ல் இறந்தபோது அமெரிக்காவின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். வாரிசு இல்லை. சொத்தின் பெரும்பகுதியைத் தகப்பனை இழந்த ஏழைச் சிறுவர்களுக்குப் பள்ளி கட்ட எழுதிவைத்தார்.

உயிலில் ஒரு விநோதமான நிபந்தனை இருந்தது. எந்த மதப் பிரிவைச் சேர்ந்த பாதிரியாரும் பள்ளியில் பதவி வகிக்கக் கூடாது. பார்வையாளராகக்கூட வளாகத்துக்குள் வரக் கூடாது! மதத்தின் மீது வெறுப்பு இல்லை, பிள்ளைகளின் மனம் மதப் பிரிவுகளின் சண்டையில் சிக்கக் கூடாது என்பதே நோக்கம் என்று அவரே விளக்கமும் எழுதியிருந்தார். உறவினர்கள் விடவில்லை. புகழ்பெற்ற வழக்கறிஞர் டேனியல் வெப்ஸ்டரை வைத்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1844-ல் தீர்ப்பு உயிலுக்குச் சாதகமாக வந்தது. பாதிரியார் இல்லாவிட்டாலும் சாதாரண மனிதர்கள் பைபிளைச் சொல்லித்தரலாமே என்றது நீதிமன்றம். 1848 ஜனவரி 1-ல் பள்ளி திறக்கப்பட்டது.

எனவே, இங்கே பிரார்த்தனையை நடத்தியவர்கள் பாதிரியார்கள் அல்ல. அப்படிப்பட்ட கூடத்தில் மிகப் பெரிய குரல், கூரை மேல் இருந்த ஆர்கனுக்குத்தான் என்று சொன்னால் மிகையில்லை.

இப்போதிருக்கும் சேப்பலும் ஆர்கனும் 1933-ல் வந்தவை. அமெரிக்காவே பொருளாதார மந்தத்தில் தத்தளித்த காலம் அது. ஆர்கனை உருவாக்கியவர் எர்னஸ்ட் ஸ்கின்னர். ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவின் குரல்களையும் குழாய்களில் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதில் அவருக்குத் தீராத வெறி. ஃபிரெஞ்சு ஹார்ன் என்ற ஊதுகருவியின் குரலைத் தரும் குழாய் வரிசை அவருடைய புகழ்பெற்ற கண்டுபிடிப்புகளில் ஒன்று.

இத்தனை ஆயிரம் குழாய்கள் எதற்கு? புல்லாங்குழலில் விரலை மாற்றினால் ஸ்வரம் மாறும். ஆர்கன் குழாய்க்கு அந்த வசதி இல்லை. ஒரு குழாய், ஒரு ஸ்வரம், அவ்வளவுதான். 61 கட்டைகள் உள்ள விசைப்பலகையில் ஒரே வகைக் குரல் கேட்கவே 61 குழாய்கள் வேண்டும். இன்னொரு குரல் வேண்டுமென்றால் இன்னொரு வரிசை. இந்த ஆர்கனில் கைகளுக்கு மட்டும் நான்கு விசைப்பலகைகள். கால்களுக்குத் தனியாக ஒன்று. சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் குழாய் அறைக்கு முன்னால் ஜன்னல் கதவு போன்ற மரப்பலகைகள் திறந்து மூடும். முழுவதும் மூடினால், அடுத்த தெருவில் யாரோ வாசிப்பதுபோல இருக்கும்.

வாசிப்பவர் பாடுதான் திண்டாட்டம். அவர் கீழே, குழாய்கள் மேலே. 100 அடியைக் கடக்க ஒலிக்கு ஏறக்குறைய ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு பிடிக்கும். சின்ன நேரம்தான். ஆனால், வேகமான பாட்டில் விரல் ஒன்று சொல்ல, காது இன்னொன்று கேட்கும். காதை நம்பாமல் விரலை நம்பி வாசித்தாக வேண்டும். வர்ஜில் ஃபாக்ஸ் போன்ற பெரிய கலைஞர்கள் இங்கே வந்து இசைத்தட்டு பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆனால், இந்த இசையை யாரெல்லாம் கேட்டார்கள்?

ஜிரார்டின் உயிலில் இன்னொரு வார்த்தையும் இருந்தது: 'வெள்ளையர்'. வெள்ளைக்காரச் சிறுவர்களுக்கு மட்டுமே இடம். பள்ளியைச் சுற்றி 10 அடி உயரக் கல் மதில். காலப்போக்கில் மதிலுக்கு வெளியே குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள் ஆனார்கள். அந்தத் தெருக்களிலும் தகப்பனை இழந்த பிள்ளைகள் இருந்தார்கள். உள்ளே நுழைய வழியில்லை. பிள்ளைகள் மீது இவ்வளவு அக்கறை காட்டிய மனிதர் இப்படியும் எழுதினாரே என்பதுதான் இந்தக் கதையில் உறுத்தும் இடம்.

1965 மே மாதம் வழக்கறிஞர் சிசில் மூர் தலைமையில் மதிலைச் சுற்றிப் போராட்டம் தொடங்கியது. 7 மாதம் 17 நாள் நடந்தது. ஆகஸ்டில் மார்ட்டின் லூதர் கிங் வாசலுக்கே வந்து பேசினார். பாதிரியாரான அவர், உயிலின்படி அந்த வாசலைத் தாண்டவே முடியாது என்பது தனி வேடிக்கை. நீதிமன்றப் போராட்டமும் முடிந்து, 1968 செப்டம்பரில் முதன்முதலாக நான்கு கறுப்பினச் சிறுவர்கள் சேர்க்கப்பட்டார்கள். ஆர்கன் வந்து அதற்குள் 35 ஆண்டுகள் ஓடியிருந்தன. 1984-ல் பெண் பிள்ளைகளும் வந்தார்கள். இன்று அங்கே படிப்பவர்களில் பெரும்பான்மையினர் கறுப்பின மாணவர்கள்.

இதற்கிடையே ஸ்கின்னரின் ஆர்கன்களுக்கும் கெட்ட காலம் வந்தது. ரசனை மாறியது. அவருடைய அடர்த்தியான ஒலி பழசாகிவிட்டது என்றார்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே பல ஊர்களில் அவர் செய்த ஆர்கன்களைப் பிரித்து மாற்றினார்கள். 1960-ல் அவர் இறந்தார். ஆனால், ஜிரார்டு ஆர்கன் பெரிய மாற்றமின்றித் தப்பியது. அதனால்தான் ஸ்கின்னர் நினைத்த ஒலி எப்படி இருக்கும் என்று அறிய விரும்புபவர்கள் இங்கே வருகிறார்கள்.

இதன் பதிவுகளை நீங்களும் தேடிக் கேட்கலாம். ஒரே ஒரு விஷயம், போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இதுபோன்ற பெரிய ஆர்கன்களில் 32 அடி நீளக் குழாயின் ஒலி நொடிக்கு 16 அதிர்வுகள்தான். காதைவிட நெஞ்சுக்கூட்டில்தான் அதிகம் தெரியும். போன் ஸ்பீக்கரால் அதை எழுப்பவே முடியாது. நல்ல ஹெட்போன் மாட்டிக்கொண்டால் ஓரளவு பிடிபடும்.