புது லேப்டாப்புக்கு ஆன்டிவைரஸ்: காசு கொடுக்கணுமா, ஃப்ரீயே போதுமா?

லேப்டாப் கடையில் பில் போடும் நேரத்தில் கடைசியாக ஒரு கேள்வி வரும். "ஆன்டிவைரஸும் சேர்த்துப் போட்டுடவா? இல்லைன்னா ரெண்டே மாசத்துல ஸ்லோ ஆகிடும்." லேப்டாப்புக்கே அம்பதாயிரம் கொடுத்தவருக்கு இன்னும் சில நூறு ரூபாய் பெரிதாகத் தெரியாது. தலையாட்டிவிடுவார். ஆன்லைனில் வாங்கினாலும் தப்பிக்க முடியாது. பல லேப்டாப்களில் முப்பது நாள் ட்ரையலோடு ஒரு ஆன்டிவைரஸ் முன்கூட்டியே உட்கார்ந்திருக்கும். அந்த நாள் முடிந்ததும் "உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது" என்று தினமும் பயமுறுத்த ஆரம்பிக்கும்.

உண்மையில் ஆபத்தா? முதலில் லேப்டாப்புக்குள் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலுமே மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. டவுன்லோடு கிடையாது, ரினியூவல் கிடையாது. பத்து, பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு இது பெயருக்கு ஒரு காவல்காரர்தான். சோதனைகளில் கடைசி பெஞ்ச். இப்போது நிலைமை வேறு. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகம் நடத்தும் சோதனைகளில், காசு கொடுத்து வாங்கும் பிராண்டுகளோடு சேர்ந்து டிஃபெண்டரும் அடிக்கடி முழு மதிப்பெண் வாங்குகிறது. குறை இல்லாமல் இல்லை. நெட் இல்லாத நேரத்தில் இதன் திறமை கொஞ்சம் குறையும். ஜெராக்ஸ் கடையில் செருகி எடுத்த பென்டிரைவை லேப்டாப்பில் போடும்போது வைஃபை ஆனில் இருக்கட்டும்.

அந்த ட்ரையல் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்கணும். வேறொரு ஆன்டிவைரஸ் உள்ளே இருந்தால் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். ட்ரையல் முடிந்த பிறகு அதைப் புதுப்பிக்காமலும் தூக்காமலும் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டுவைப்பதுதான் மோசமான நிலை. காசு கட்டப் போவதில்லை என்றால் அன்இன்ஸ்டால் பண்ணிவிடுங்கள். டிஃபெண்டர் தானாகவே டியூட்டிக்குத் திரும்பிவிடும். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து பச்சை டிக் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

"அப்போ நெட்ல கிடைக்கிற மத்த ஃப்ரீ ஆன்டிவைரஸ்?" இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்கணும். ஃப்ரீயாகக் கொடுப்பவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? டிஃபெண்டருக்கான செலவு விண்டோஸ் விலையிலேயே இருக்கிறது. மற்றவர்கள் பெரும்பாலும் 'அப்கிரேட் பண்ணு' என்று பாப்-அப் போட்டுச் சம்பாதிப்பார்கள். அது தொல்லை, அவ்வளவுதான். அவாஸ்ட் கதை அதைத் தாண்டியது. தன் பயனாளர்கள் இணையத்தில் எங்கெங்கே போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக அது விற்றது 2020 ஜனவரியில் அம்பலமானது. ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், அவாஸ்ட் 1.65 கோடி டாலர் கட்ட வேண்டும், விளம்பரத்துக்காக இனி அந்தத் தகவலை விற்கக் கூடாது என்று சொன்னது. வீட்டைக் காவல் காக்க வந்தவர், யார் யார் வந்து போனார்கள் என்று தெருவில் விற்ற கதை.

காசு கொடுத்தால் மட்டும் நிம்மதியா? 2021-ல் நார்ட்டன், தன் பெய்டு சாஃப்ட்வேருக்குள்ளேயே கிரிப்டோ மைனிங் வசதியைச் சேர்த்தது. வாடிக்கையாளர் ஆன் செய்தால்தான் ஓடும் என்றாலும், கிடைப்பதில் 15 சதவிகிதம் கமிஷன். ஆன்டிவைரஸுக்கு எதற்கு அந்த வேலை என்று பலரும் கோபப்பட்டார்கள். இன்னொரு வேடிக்கை, நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா நான்குமே இப்போது ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில். 'அது வேண்டாம், இது நல்லாருக்கும்' என்று மாற்றினாலும் கடைசியில் ஒரே முதலாளிதான்.

சரி, லேப்டாப்புக்கு நிஜமான ஆபத்து இன்று எந்த வழியாக வருகிறது? 2025 மே மாதம் 'லும்மா' என்ற திருட்டு சாஃப்ட்வேரின் கட்டமைப்பை மைக்ரோசாஃப்டும் பல நாட்டு அமைப்புகளும் சேர்ந்து முடக்கின. அதற்கு முந்தைய இரண்டே மாதங்களில் உலகம் முழுக்க 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் அது புகுந்திருந்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. இந்த வகை சாஃப்ட்வேர் எதையும் அழிக்காது, ஸ்க்ரீனில் மண்டையோடு காட்டாது. பிரவுசரில் நீங்கள் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளையும், லாகின் ஆகியிருக்கிறீர்கள் என்பதற்கான குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போய்விடும். அந்த குக்கீ கையில் இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். உங்கள் இன்ஸ்டாகிராமுக்குள் நேராகப் போய் உட்காரலாம்.

இது உள்ளே வரும் வழிகளில் ஒன்று போலி 'நான் ரோபோ அல்ல' பக்கம். "விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் அழுத்துங்க, கன்ட்ரோல் வி கொடுங்க, என்டர் தட்டுங்க" என்று அது சொல்லும். நாமும் செய்வோம். அந்தப் பக்கம் ரகசியமாக காப்பி செய்துவைத்த கட்டளையை நம் கையாலேயே ஓட்டியிருப்போம். எந்த நிஜ கேப்சாவும் இப்படிக் கேட்காது.

இன்னொரு வழி, நம்ம ஊருக்கு நன்றாகவே பழக்கமானது: கிராக். ஃபோட்டோஷாப்போ கேமோ, இலவசமாக இறக்கிய ஃபைலோடு ஒரு குறிப்பு இருக்கும், 'முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்' என்று. நாலாயிரம் ரூபாய் ஆன்டிவைரஸாக இருந்தாலும், ஓனரே ஆஃப் பண்ணிவிட்டால் அது என்ன செய்யும்?

போனிலேயே வளர்ந்தவர்களுக்கு இது புதுசு. போனில் ஒரு ஆப் கேமராவைத் தொட பெர்மிஷன் கேட்கும். பக்கத்து ஆப்பின் தகவலை எட்டிப் பார்க்கவும் முடியாது. லேப்டாப்பில் டபுள் கிளிக் செய்து ஓடவிட்ட ஃபைல், உங்களால் திறக்க முடிகிற எல்லாவற்றையும் பெரும்பாலும் கேட்காமலே திறக்கும். போனில் 'எதையாவது இன்ஸ்டால் பண்ணிப் பார்ப்போம், பிடிக்கலைன்னா தூக்கிடலாம்' என்ற பழக்கம் இங்கே செல்லாது.

அதனால் என் கணிப்பு இது. காலேஜ், ஆஃபீஸ் வேலை, படம், கோடிங் என்று இருப்பவர்களுக்கு டிஃபெண்டரும் தவறாத விண்டோஸ் அப்டேட்டும் போதும். 2017 மே மாதம் வான்னக்ரை உலகையே உலுக்கியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. மாட்டியவர்கள் அதைப் போடாதவர்கள். ஆன்டிவைரஸுக்கு ஒதுக்கிய காசில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கி, ப்ராஜெக்டையும் போட்டோக்களையும் காப்பி எடுத்து, கேபிளைக் கழற்றி வைத்துவிடலாம். ரேன்சம்வேர் வந்தாலும் அந்தப் பிரதியைத் தொட முடியாது.

காசு கொடுப்பது அர்த்தமுள்ள வீடுகளும் உண்டு. அப்பா கடைக் கணக்கையும் ஜிஎஸ்டியையும் அதே லேப்டாப்பில் பார்க்கிறார், தம்பி கண்டதையும் டவுன்லோடு பண்ணுகிறான், ஏதாவது ஆனால் போன் போட்டுக் கேட்க ஒரு ஆள் வேண்டும் என்றால் வாங்கலாம். சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் என்று நம் நாட்டு நிறுவனங்களே இருக்கின்றன. வாங்கும் முன் இரண்டாம் வருட விலையைப் பாருங்கள். முதல் வருடம் பெரிய தள்ளுபடியில் கொடுத்து, ரினியூவலில் முழு விலை எடுப்பது இந்தத் தொழிலில் சகஜம். கார்டில் ஆட்டோ ரினியூவல் போட்டிருந்தால், பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது வங்கி உங்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமலே போய்விடும். அந்த ஒரு எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று நினைத்து ஸ்வைப் பண்ணிவிடாதீர்கள்.