காய்ச்சல்காரருக்குக் கஞ்சி யார் வச்சுக் கொடுப்பா?

காய்ச்சல்னு வர்றவங்க நிறைய பேர் கேட்கறது ஒண்ணுதான். "ரொம்ப அசதியா இருக்கு சார், ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்தி விடுங்க." காலையில என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டா, ஒண்ணும் இல்ல. நேத்து ராத்திரி? ஒரு டீ, ரெண்டு பன்.

கணக்கு போட்டுப் பாருங்க. 5 சதவீத குளுக்கோஸ் 500 மில்லி பாட்டில்ல இருக்கறது 25 கிராம் சர்க்கரை. சுமார் 100 கலோரி. 50 கிராம் நொய்யரிசி போட்டு வச்ச கஞ்சியில 170 கலோரிக்கு மேல இருக்கு. வாயால குடிச்சு வயித்துல தங்குதுன்னா, ஊசி எதுக்குங்க?

பட்டினி போட்டா காய்ச்சல் இறங்கிடும்ங்கறதும் தப்பு. உடம்புச் சூடு 1 டிகிரி செல்சியஸ் ஏறினாலே உடம்பு எரிக்கற சக்தி சுமார் 10 சதவீதம் கூடுது. அந்த நேரத்துல சாப்பாட்டை நிறுத்தினா அசதி வராம என்ன வரும்? பசி இல்லேன்னா கொஞ்சம் கொஞ்சமா, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குடிங்க. சர்க்கரை வியாதிக்காரங்க மட்டும் அளவையும் மாத்திரையையும் டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

ரசம் வைரஸைக் கொல்லாது. ஆனா சூடா குடிச்சா மூக்கடைப்பு விடும், உப்பும் தண்ணியும் உள்ள போகும், ரெண்டு வாய் சோறும் இறங்கும். அது போதுமே! ராகி நம்ம மண்ணோட பயிர். 100 கிராம்ல 340 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு. ஆனா வாந்தி, பேதி இருக்கும்போது களி வேண்டாம், கனமா உட்கார்ந்துக்கும். காய்ச்சல் மட்டும்னா ராகி மாவைப் பச்சத் தண்ணியில கரைச்சு, கொதிக்கற தண்ணியில ஊத்திக் கிண்டி, ஆறினதும் மோரும் உப்பும் சேர்த்துக் குடிக்கலாம்.

பேதின்னா ஓஆர்எஸ். ஒரு பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணி, ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம். கடையில கலர் கலரா டெட்ரா பேக்ல விக்கற இனிப்புத் தண்ணி அது இல்ல. ஹைதராபாத் குழந்தைகள் மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் விடாம போராடின பிறகு, 2025 அக்டோபர்லதான் அந்த மாதிரி பானங்கள்ல ஓஆர்எஸ்னு போடவே கூடாதுன்னு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சொல்லுச்சு.

விடாத வாந்தி, கடுமையான வயித்து வலி, ரத்தக் கசிவு, மயக்கம், சிறுநீர் குறையறது... இதுல எது இருந்தாலும் கஞ்சி வச்சுட்டு உட்காராதீங்க, உடனே ஆஸ்பத்திரி வாங்க. டெங்குல காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்தே வரும்.

இதெல்லாம் உங்க அம்மாவுக்கும் பாட்டிக்கும் நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல. என் கவலை அம்மா பக்கத்துல இல்லாதவங்களைப் பத்தி. ஓசூர் சிப்காட் சுத்தி ஒரே ரூம்ல அஞ்சாறு பேர் தங்கியிருக்காங்க. தென் மாவட்டப் பசங்க, ஒடிசா, பீகார் பசங்க, ஹாஸ்டல்ல இருக்கற பொண்ணுங்க. ஒருத்தருக்குக் காய்ச்சல்னா மத்தவங்க ஷிப்டுக்குப் போயிடுவாங்க. படுத்திருக்கறவங்களுக்கு பிஸ்கட்டும் பன்னும்தான்.

நம்ம கஞ்சிதான் பீகார்க்காரருக்கு கிச்சடி, தெலுங்குக்காரருக்கு ஜாவா, கன்னடக்காரருக்கு அம்பலி. பேர் வேற, உடம்பு கேட்கறது ஒண்ணுதான். ரூம்ல ஒரு சின்ன ரைஸ் குக்கர் வாங்கிப் போடுங்க. ஒரு கைப்பிடி நொய், அரைக் கைப்பிடி பாசிப்பருப்பு, சீரகம், உப்பு, நிறைய தண்ணி. வேலைக்குக் கிளம்பறவர் சுவிட்சைத் தட்டி, வெந்ததும் ஒரு டம்ளர் ஊத்தி வச்சுட்டுப் போகலாம்.

கம்பெனிகளுக்கும் ஒண்ணு சொல்லணும். 250 பேருக்கு மேல வேலை செய்யற இடத்துல கேன்டீன் வேணும்னு 1948 தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. அந்த கேன்டீன்ல பிரியாணி போடற நாள் உண்டு, கஞ்சி கிடைக்கற நாள் இல்ல. தினமும் ஒரு பாத்திரம் கஞ்சி, ஒரு பாத்திரம் ரசம் வைக்க என்ன பெரிய செலவு ஆகிடும்? ஹாஸ்டல்ல படுத்திருக்கறவருக்கு ரூம்மேட் ஒரு தூக்குல வாங்கிட்டுப் போக அனுமதிங்க. எச்.ஆர்.ல யாராவது இதைப் படிக்கறீங்கன்னா, நைட் ஷிப்டுக்கும் சேர்த்தே கேட்கறேன்.